ஏனையவை: விமானம் ஒன்று

ஜெயபுரம் சிற்றம்பலத்திடம் சொந்தமாக ஓர் ஆகாய விமானம் இருக்கிறது என்ற செய்தி அவருக்கே ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் மனுஷன் தனக்கென்று இருப்பது இரண்டு ஏக்கர் வயல், ஒரு பால்மாடு, செயின் கழன்று கழன்று விழும் ஒரு சைக்கிள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். தன் சொத்தின் அருமை தெரியாமல் வாழ்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் அர்ஷாக். வவுனியாக்காரன், நலன்புரித் தகுதிகாண் சபை நோயாளரை ஏற்றிப்போக விட்டிருந்த வானை ஓட்டுகிறவன். சிற்றம்பலத்தின் மனைவி கமலாசனிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் பதினாலு மாதம். திங்களும் வியாழனும் வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெஷினில் கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவளுக்கு அடுத்த மூன்று நாள் மூச்சு. போகாவிட்டால் கால் வீங்கும், முகம் வீங்கும், அதற்குப் பிறகு என்ன என்பதையும் டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வான் படலையடியில் வந்து ஹோர்ன் அடிக்க, அவள் கிளினிக் கொப்பியையும் போர்வையையும் பையில் வைத்துக்கொண்டு வந்து ஏறுவாள். பதினாலு மாதமாக அந்த வீட்டில் நாட்கள் அந்த ஹோர்ன் சத்தத்தை வைத்துத்தான் நடந்தன.

அன்றைக்கு அர்ஷாக் ஹோர்ன் அடிக்கவில்லை. இறங்கி வந்து கையிலிருந்த பட்டியலைப் பார்த்தபடி நின்றான்.

“அம்மாட பேர் வெட்டுப்பட்டிருக்கு, ஐயா.”

“ஏன் தம்பி?”

“நான் வாசிக்கிறன், கோவிக்காதேங்கோ. ‘பயனாளியின் குடும்பம் சொந்தப் போக்குவரத்து வசதி உடையது. வகை, ஆகாய விமானம். எண்ணிக்கை, ஒன்று.’”

சிற்றம்பலம் மாட்டுக் கொட்டிலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அங்கே மாடுதான் நின்றது.

“ஆரின்ர விமானம்?” என்று கேட்டாள் கமலாசனி.

“உங்கடதான் அம்மா. எனக்கும் விளங்கேல்லை. வானுக்குள்ள கமரா பூட்டியிருக்கினம், பட்டியலில இல்லாத ஆள் ஏறினா அங்க சத்தம் போடும். என்ர வேலை போயிடும். மனிசி கைப்பிள்ளையோட இருக்கிறா.” அவன் கண் கலங்கியிருந்தது. “பரந்தன் கந்தோருக்குப் போய்க் கதையுங்கோ ஐயா. இது எங்கயோ நடந்த பிழை.”

எங்கேயோ நடந்த பிழை எங்கே நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கமலாசனிக்கு வருத்தம் கண்ட நாளில் சிற்றம்பலம் வேம்படிப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். கருவறைக்கு மேலிருந்த விமானம் சண்டைக் காலத்தில் ஷெல்லோடு போய்விட்டது. பிள்ளையார் அதற்குப் பிறகு ஊர்ச் சனத்தைப் போலவே தகரத்துக்குக் கீழே குடியிருந்தார். இவளைக் காப்பாற்றித் தா, உன் விமானத்தைக் கட்டித் தாறன் என்பது பேச்சு. வவுனியாவில் மெஷின் கிடைத்ததும், பிள்ளையார் தன் பக்கத்தைச் செய்துவிட்டார் என்று கண்டு, சிற்றம்பலம் தன் பக்கத்தைச் செய்தார். வீட்டில் நின்ற ஒரேயொரு எஞ்சின் வாகனமான லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை விற்றார். விமானம் எழும்பியது. மூன்று தளம், உச்சியில் பித்தளைக் கலசம். சுவரில் ஒரு கல்லும் பதித்தார்கள்: ‘விமான உபயம்: சிற்றம்பலம் கமலாசனி குடும்பம்.’

பிறகு சபையின் கணக்கெடுப்பு வந்தது. படிவத்தோடு வந்த பிள்ளை சுதாஜினி, வாகனம் என்ற கட்டத்தில் சைக்கிள் ஒன்று என்று எழுதிவிட்டு, “வேற ஏதும் பெரிசாச் செய்தனீங்களோ அம்மா?” என்று கேட்டாள். கமலாசனிக்கு அந்த வருஷத்தில் பெருமைப்படக் கிடைத்தது ஒரேயொரு விஷயம்தான். “வேறயென்ன பிள்ளை, விமானம் ஒண்டு செய்விச்சம்” என்றாள். சுதாஜினியும் வரும் வழியில் வேம்படியானைக் கும்பிட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ‘ஏனையவை’ என்ற கட்டத்தில் ‘விமானம் – 1’ என்று வடிவாக எழுதினாள். படிவம் கொழும்புக்குப் போய்ச் சிங்களமானது. சிங்களத்தில் அதற்குச் சிறகு முளைத்தது. சட்டப்படி திரும்பத் தமிழுக்கு வந்தபோது ‘ஆகாய விமானம்’ என்று தரையிறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இந்த முறை பிள்ளையாரின் கூரையே பறந்துவிட்டது.

அன்று இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒன்று, அங்கிருந்து வவுனியாவுக்கு ஒன்று. போய்ச் சேர்ந்தபோது அவளுக்குரிய நேரத்தில் பாதி முடிந்திருந்தது. அடுத்த நோயாளி வாசலில் காத்திருந்ததால் இரண்டு மணித்தியாலத்தோடு மெஷினிலிருந்து இறக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காத்திருந்ததும் ஓர் உயிர்தான்.

மறுநாள் சிற்றம்பலம் பரந்தனுக்குப் போனார். சபையின் கந்தோர் மேல்மாடியில் இருந்தது. படி முப்பத்திரண்டு. ஏறி முடிந்த இடத்தில், ‘நடக்க இயலாதவர்களுக்கு இங்கு முன்னுரிமை’ என்று பலகை மாட்டியிருந்தது. சொத்துச் சரிபார்ப்புப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் ஜனார்த்தனன் பண்பான மனிதர். எழுந்து நின்று கதிரையைக் காட்டினார்.

“இருங்கோ ஐயா. விமானச் சொந்தக்காரர் ஒருத்தர் எங்கட கந்தோருக்கு வாறது இதுதான் முதல்.”

“ஐயா, அது கோயில் விமானம்.”

“எனக்குத் தெரியாதோ? நானும் சைவன்தானே. எங்கட ஊர்க் கோயில் விமானத்துக்கு வர்ணம் அடிப்பிச்சது என்ர அப்பா.”

“அப்ப வெட்டி விடுங்கோவன்.”

“எனக்குத் தெரியும், ஐயா. கோப்புக்குத் தெரியாது.”

ஜனார்த்தனன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சபையில் திருத்தக்கூடிய பிழைகள் மூன்று. எழுத்துப் பிழை, இலக்கப் பிழை, முகவரிப் பிழை. மூன்றையும் அவரே முன்னால் வைத்துப் பார்த்தார்.

“விமானம். எழுத்துப் பிழை இருக்கோ? ‘வி’ சரி. ‘மா’ சரி. ‘ன’வும் சரியான ‘ன’தான். இனி இலக்கம். ஒண்டோ ரெண்டோ?”

“ஒண்டுதான்.”

“அதுவும் சரி. நிக்கிறது ஜெயபுரத்திலதானே?”

“ஓம்.”

“பாத்தீங்களோ. படிவத்தில ஒரு பிழையும் இல்லை.”

“மொழிபெயர்ப்பில பிழை வந்திருக்கு, ஐயா.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ. மூண்டு மொழிக்கும் சம அந்தஸ்து வேணும் எண்டு எத்தினை வருஷம் கேட்டனாங்கள். இப்ப தந்திருக்கினம். தந்த பிறகு பிழை எண்டு சொன்னா, பிறகு தமிழில ஒண்டும் அனுப்ப மாட்டினம்.”

“ஐயா, இருந்த லான்ட்மாஸ்டரையும் வித்துத்தான் அதைக் கட்டினனான். எங்களுக்கு இப்ப வான்தான் வேணும்.”

ஜனார்த்தனன் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டார். தரை வாகனத்தை விற்று வான் வாகனம் பெற்றுள்ளார், பொருளாதார முன்னேற்றம் தெளிவு என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். அவர் ஒளிவுமறைவில்லாத அதிகாரி.

“என்ர மனிசி செத்துப்போவா, ஐயா,” என்றார் சிற்றம்பலம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் காணாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

ஜனார்த்தனனுக்கு உண்மையாகவே மனம் இளகியது. மேசை லாச்சியைத் திறந்து பளபளப்பான ஒரு புத்தகத்தை எடுத்தார்.

“ஒரு வழி இருக்கு. தரப்படுத்தல். விமானம் சாதாரண தரமெண்டு வந்தா மறுபரிசீலனைக்கு இடமிருக்கு. அதிசொகுசு எண்டு வந்தா ஒண்டும் செய்யேலாது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து வினாக்கொத்துச் செய்து தந்தவை. உலகத்தின்ர ஆகக் கூடின விலையுள்ள விமானங்களை வைச்சுத்தான் செய்தவை. இஞ்ச பாருங்கோ.” அவர் பக்கங்களைப் புரட்டினார். குரல் தாழ்ந்தது. “நாப்பதினாயிரம் அடி உயரத்தில சுடுதண்ணிக் குளியல். குழாயெல்லாம் தங்க முலாம். இது படுக்கையறை. இதில ஒரு பியானோ நிக்குது, பாத்தீங்களோ. இதுக்குள்ள காரையே கொண்டுபோய் விடலாம். மேல் தளத்துக்குப் போக லிப்ட். நான் இந்தப் புத்தகத்தை வீட்டையும் கொண்டுபோறனான். ஏழையளை அளக்கிறவனுக்குப் பணக்காரரை வடிவாத் தெரிஞ்சிருக்க வேணும். ஏழையளைப் பாக்க நேரம் கிடைக்கிறதில்லை, அது வேற கதை.”

அந்த வியாழனும் பஸ்தான். கமலாசனி கிளிநொச்சியில் பஸ் மாறும்போது இரண்டு தரம் நிலத்தில் குந்திவிட்டாள். அன்றும் பாதி நேரம்தான் மெஷின் கிடைத்தது. ஓட்டோ பிடித்துப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஜெயபுரத்திலிருந்து வவுனியாவுக்கு ஒருதரம் ஓட்டோ கேட்டுப் பார்க்கட்டும்.

தரப்படுத்தல் குழு அடுத்த திங்கட்கிழமை வரும் என்று கடிதம் வந்தது. சொந்தக்காரரும் வாழ்க்கைத்துணையும் இருவருமே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கோப்பு ஆறு மாதத்துக்கு மூடப்படும் என்றும் எழுதியிருந்தது. திங்கள் மெஷின் நாள். சிற்றம்பலம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். போனால் கோப்பு மூடும், நின்றால் மெஷின் போகும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் கேணி.

“நிப்பம்,” என்றாள் கமலாசனி. “ஒருநாள் பொறுத்துக்கொள்ளுவன். இது சரிவந்தா பிறகு வான் வரும்தானே.”

குழு வந்தது, பதினொரு மணிக்கு. நோயாளர் வானில் வந்தது. சபையின் மற்ற வாகனங்கள் பழுதாம். அதனால் அன்று எந்த நோயாளியும் வவுனியாவுக்குப் போகவில்லை. அர்ஷாக் சாரதி ஆசனத்தை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து இருந்தான்.

ஜனார்த்தனனும் கூட வந்த இரண்டு உத்தியோகத்தர்களும் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். கால் கழுவினார்கள். பிள்ளையாருக்கு முன் தலையில் குட்டி, தோப்புக்கரணம் போட்டு, திருநீறு பூசிக்கொண்டார்கள். பிறகு நிமிர்ந்து ஆகாய விமானத்தைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். சுதாஜினி எழுதுவதற்காக வந்திருந்தாள். அவள் கமலாசனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் கமலாசனி வேம்பின் கீழ் இருந்தாள். செருப்புக்குள் போகாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது.

“முதல் கேள்வி. எத்தினை தளம்?”

“மூண்டு,” என்றார் சிற்றம்பலம். சாமி முன்னால் பொய் சொல்லலாமா?

ஜனார்த்தனன் புருவத்தை உயர்த்தினார். “புத்தகத்தில இருக்கிற ஆகப் பெரிசுக்கே ரெண்டுதான். எழுது பிள்ளை. தங்கம் பூசிய பாகங்கள்?”

“தங்கம் இல்லை ஐயா, பித்தளை. கலசம் மட்டும்.”

“பாக்கத் தங்கமாத்தான் இருக்கு. பாதிப் புள்ளி. குளியல் வசதி?”

“அபிஷேகம் நடக்கும். தண்ணி கோமுகியால வெளிய போகும்.”

“தனி வடிகாலோட குளியல். நாளைக்கு எத்தினை தரம்?”

“ரெண்டு தரம். வெள்ளிக்கிழமையில பாலாலயும்.”

ஜனார்த்தனனின் பேனா நின்றது. “பாலாலயோ?” புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படியொரு வசதி உலகத்தில் எந்த விமானத்திலும் இல்லை. மேலதிகப் புள்ளி ஐந்து போடும்படி சொன்னார். “படுக்கையறை?”

“பள்ளியறை இன்னும் கட்டேல்லை. வாற வருஷம் கட்டுவம் எண்டு கோயில் சபையில கதைச்சவை.”

“திட்டமிடப்பட்டுள்ளது. சமையல்?”

“மடப்பள்ளி பின்னுக்கு இருக்கு. மோதகம் அவிப்பினம்.”

“இசைக்கூடம்?”

“திருவிழாவுக்கு நாதஸ்வரம் பிடிப்பம். ரெண்டு கூட்டம்.”

“இனி முக்கியமான கேள்வி, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உள்ளுக்கு வாகனம் விடுற இடம் இருக்கோ?”

இல்லையென்று ஒரு சொல் சொன்னால் காணும் என்று சிற்றம்பலத்துக்கு அந்த நேரத்தில் தெரிந்தது. அவர் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் தும்பிக்கையை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பதினாலு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்றுதான் சத்தியம் செய்தது. அந்த ஆளின் வீட்டில் நின்றுகொண்டு அந்த ஆளின் எலியை இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“வாகனசாலை ஒண்டு இருக்கு,” என்றார். “மூஷிக வாகனம் நிக்குது.”

“எங்கத்தைய தயாரிப்பு?”

“யாழ்ப்பாணத்து ஆசாரியார் செய்தது.”

“இறக்குமதி,” என்றார் ஜனார்த்தனன். “பயணிகள் எத்தினை பேர்?”

“உள்ளுக்கு இருக்கிறது ஒருத்தர்தான்.”

“ஒருத்தருக்காக இவ்வளவும்.” அவர் பெருமூச்சு விட்டார். “விமானி?”

“ஐயர்தான் எல்லாம். வேற மூண்டு கோயிலும் பாக்கிறார்.”

“பகுதிநேர விமானி. சரி, முடிஞ்சுது.”

அப்போது கமலாசனி கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டாள். “தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்.”

ஜனார்த்தனன் மரியாதையாகக் கிட்டப் போனார்.

“இது பறக்குமெண்டா, நான் ஏன் தம்பி வவுனியாவுக்குப் போகாம இஞ்ச இருக்கிறன்?”

நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். “பறக்காம நிக்கிறது சொந்தக்காரரின்ர பராமரிப்புக் குறைபாடு, அம்மா. அதுக்குச் சபை பொறுப்பெடுக்க ஏலாது. எங்கட சபை ஏழையளுக்காகத்தான் இருக்கு. ஆனா எங்களிட்டக் கேளாமல் ஒருத்தரும் ஏழையா இருக்கேலாது. அதுதான் ஒழுங்கு.”

கமலாசனி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, அதனால் மேலே கதைக்கவில்லை. குழு கோயில் பிரசாதமாக மோதகமும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு நோயாளர் வானில் ஏறிப் போனது. சிற்றம்பலம் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். தவறிய இடத்துக்கு மாற்று இல்லை, இனி வியாழன்தான் என்றார்கள்.

புதன்கிழமை அவர் மறுபடியும் முப்பத்திரண்டு படி ஏறினார். முடிவு ஆயத்தமாக இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. அதிசொகுசு. ஜனார்த்தனன் எழும்பி நின்று கை குடுத்தார்.

“வட மாகாணத்தில முதலிடம், ஐயா. புத்தகத்தில இருக்கிறதுகளே எண்பத்தெட்டைத் தாண்டேல்லை.”

சிற்றம்பலம் குடுத்த கையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தார். அறுபத்துமூன்று வயதில், பிள்ளையாருக்கு முன்னால் தவிர வேறெங்கும் அப்படிக் குனிந்ததில்லை.

“நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவாக்கு முகமும் வீங்கிட்டுது. நாளைக்கு ஒருநாளைக்கு வானை விடுங்கோ. பிறகு நான் அந்த விமானத்தை என்ர கையாலயே இடிச்சு விடுறன்.”

நல்ல அதிகாரி ஒருவருக்குத் தேவையான சொல் ஒன்று அதில் இருந்தது. “இடிச்சு விடுறதோ?” என்றார் ஜனார்த்தனன். “அதுக்குப் படிவம் இருக்கு. சுதாஜினி, விபத்துப் படிவத்தைக் கொண்டு வா.”

விமானம் விபத்துக்குள்ளாகி அழிந்தால், சொத்துப் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். வானும் திரும்ப வந்துவிடும். இவ்வளவு இலகுவான வழி இருந்திருக்கிறது. சிற்றம்பலம் எழுதினார். விபத்து நடந்த இடம், ஜெயபுரம். காரணம், சொந்தக்காரர் இடித்தது. சுதாஜினி அதைக் கணினியில் ஏற்றினாள். ஏற்றிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

“இறந்தவர்களின்ர எண்ணிக்கை கேக்குது, ஐயா.”

“ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை.”

“பூச்சியம் போட்டா வாங்குதில்லை.”

ஜனார்த்தனன் எட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். “ஒருத்தரும் சாகாட்டி அது விபத்தில்லை, ஐயா, அவசரத் தரையிறக்கம். விமானம் உங்கட பேரிலதான் இருக்கும்.”

“அப்ப என்ர பேரைப் போடுங்கோ.”

“உங்கட பேரைப் போட்டா, கீழ சொந்தக்காரர் கையெழுத்து ஆர் வைக்கிறது?”

சுதாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை அழிக்காமல் அப்படியே சேமித்து வைத்தாள். வேறு எதையும் செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை. ‘விமானம் – 1’ என்று எழுதிய விரல்கள் அவளுடையவை. அதன் பிறகு அவள் அந்தக் கையால் வடிவாக எழுதியதில்லை என்று சொல்வார்கள்.

வியாழன் காலை முதல் பஸ். கமலாசனியைப் பக்கத்து வீட்டு இரஞ்சிதமும் சிற்றம்பலமும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். கிளிநொச்சியில் வவுனியா பஸ்ஸுக்கு மாறியதும் கமலாசனிக்கு யன்னல் பக்கத்து ஆசனத்தை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பிக் கொடுத்தது. ஏ ஒன்பது வீதியால் பஸ் நல்ல வேகமாகத்தான் போனது. இன்றைக்கு நேரத்துக்குப் போய்விடலாம் போல இருந்தது.

“முறிகண்டியில கச்சான் கடலை வாங்குங்கோ,” என்றாள்.

“உமக்குக் கச்சான் ஆகாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“நான் சாப்பிடேல்லை. கையில வைச்சிருக்க.” பிறகு மெல்லச் சொன்னாள். “நான்தான் அந்தப் பிள்ளைக்கு விமானம் எண்டு சொன்னனான். ஒரு பெருமையில சொல்லிப்போட்டன். என்னைப் பேசுவியள் எண்டு பாத்தன். நீங்கள் பேசேல்லை.”

“உமக்கு அதில என்ன பிழை இருக்கு? செய்விச்சதைத்தானே சொன்னீர்.”

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எந்த பஸ்ஸும் போவதில்லை. சாரதி நிறுத்தினார். சிற்றம்பலம் இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்தினார். என்ன கேட்பது என்று தெரியாமல், ஒன்றும் கேட்காமல் கும்பிட்டார். ஏற்கெனவே ஒருவரிடம் கேட்டு, கேட்டதற்கு மேலேயே நடந்துவிட்டது. சுடச்சுடக் கச்சான் ஒரு கடதாசிச் சரை வாங்கிக்கொண்டு ஏறினார். கமலாசனி யன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். அவர் சரையை அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. கச்சான் சிந்தி பஸ் நிலமெல்லாம் உருண்டது.

செத்தவீட்டுக்கு ஜனார்த்தனன் வெள்ளைச் சேட்டோடு வந்தார். அப்படிப்பட்ட விஷயங்களில் அவர் பிந்துவதில்லை. சிற்றம்பலத்துக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா கதைச்ச கதை இன்னும் காதுக்குள்ள நிக்குது என்றார். கண்ணீரும் வந்தது, உண்மையான கண்ணீர்தான். பிறகு சேட்டுப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார்.

“இந்த நேரத்தில கேக்கக் கூடாது, ஐயா. ஆனா படிவம் பதினாலு நாளுக்குத்தான் செல்லும். அந்தக் கட்டத்தை இப்ப நிரப்பலாம்.”

சிற்றம்பலம் தாளைப் பார்த்தார். விமானத்தின் காரணமாக இறந்தவர்களின் எண்ணிக்கை என்று இருந்தது. அவர் பேனாவை வாங்கி, ஒன்று என்று எழுதி, கையெழுத்தும் வைத்தார். சிற்றம்பலத்தின் கோப்பில் ஏறிய முதலாவது உண்மை அது. சபையும் சொன்ன சொல் தவறவில்லை. விமானம் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து வந்த திங்கட்கிழமை. காலை ஆறேகாலுக்குப் படலையடியில் ஹோர்ன் கேட்டது.

சிற்றம்பலம் எழும்பி வெளியே வந்தார். அர்ஷாக் வானை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் செத்தவீட்டுக்கு வந்து சவத்துக்குத் தோள் குடுத்தவன்.

“அம்மாட பேர் பட்டியலில வந்திருக்கு, ஐயா,” என்றான். “நான் சொன்னனான் அவா இல்லையெண்டு. இறப்புப் பதிவு மற்றப் பிரிவாம், அது வர மூண்டு மாதம் செல்லுமாம். அதுவரைக்கும் படலையில ஐஞ்சு நிமிஷம் நிண்டிட்டுத்தான் போக வேணுமாம். கமரா பாத்துக்கொண்டிருக்கு. நான் என்ன செய்ய?”

வானுக்குள்ளே ஆறேழு நோயாளிகள் இருந்தார்கள். யன்னல் பக்கத்தில் ஒரு இருக்கை வெறுமையாக இருந்தது.

சிற்றம்பலம் உள்ளே போனார். பையை எடுத்தார். அதற்குள் கிளினிக் கொப்பியும் போர்வையும் மடித்தபடியே இருந்தன. அதைக் கொண்டுவந்து படலைத் தூணில் கொழுவிவிட்டு, பக்கத்தில் நின்றார்.

“நில்லும் தம்பி,” என்றார். “அவா வெளிக்கிட்டு வரக் கொஞ்சம் நேரம் எடுப்பா.”

அர்ஷாக் வான் எஞ்சினை நிறுத்தினான்.